டைபீரியஸ் கழுத்தில் ஒரு கீறல்

அத்தியாயம் 7

ஒரு மனிதரைத் திருடன் என்று சொல்ல தேவமலருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சொன்னதைத் திரும்ப எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் இப்போது தெரியவில்லை.

மலாக்காவின் ஆயர் குரோவில் டயர் கடைக்கு மேலே இருந்த தன் துப்பறியும் அலுவலகத்தில், மேசை விளக்கைச் சாய்த்து வைத்து, லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். விளக்கின் கீழே ஒரு வெள்ளிக் காசு. காசில் ரோமச் சக்கரவர்த்தி டைபீரியஸின் தலை. கன்னத்தில் உளியால் போட்ட ஒரு வெட்டு.

கதவைக் காலால் தள்ளிக்கொண்டு காந்தன் உள்ளே வந்தார். இரண்டு கைகளிலும் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரேக் தேநீர். முன்பு ஃபேக்டரி வேன் ஓட்டியவர், இப்போது தேவமலரின் உதவியாளர். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வாய்க்கு மட்டும் வயதே ஆகவில்லை.

“பாஸ், கேஸ் முடிஞ்சிருச்சு லா. க்ளையண்ட் ஹேப்பி. இன்னும் எதுக்கு அந்த வெள்ளைக்காரன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கீங்க? கல்யாணம் கட்டிக்கப் போறீங்களா? மாப்பிள்ளைக்கு வயசு ரெண்டாயிரம்.”

தேவமலர் சிரிக்கவில்லை. காந்தன் தேநீர்ப் பையை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பாஸ் சிரிக்காவிட்டால் விஷயம் பெரியது என்று அவருக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை மலாக்கா டவுனில் பழங்காசு சேகரிப்பவர்களின் கூட்டம் நடந்தது. அங்கே வாராவாரம் மேசை போட்டுக் காசு விற்பவர் ஜேம்ஸ். அவரிடம் இந்த டைபீரியஸை வாங்கியவர் ஏர்கான் கான்டிராக்டர் வீரப்பன். வாங்கிச் சில மாதங்கள் கழித்து, நண்பர் ஒருவர் காசைத் திருப்பிப் பார்த்துவிட்டு “ஓரத்துல ஒட்டுக் கோடு இருக்கே” என்று சொல்ல, வீரப்பன் தலைக்கு ரத்தம் ஏறி தேவமலரிடம் வந்தார்.

தேவமலர் வீரப்பனோடு அந்தக் கூட்டத்துக்குப் போனாள். எல்லாரும் பார்க்கக் காசை உயர்த்திப் பிடித்தாள். ரோமர்கள் காசை உருக்கி வார்க்கவில்லை, இரண்டு அச்சுக்கு நடுவே வெள்ளித் துண்டை வைத்துச் சுத்தியால் அடித்தார்கள். அடித்த காசில் எழுத்து கூர்மையாக நிற்கும். இதில் எழுத்து வெண்ணெயாய் வழிகிறது, மேலெல்லாம் ஊசிமுனைக் குமிழிகள், ஓரத்தில் வார்ப்பு அச்சு இரண்டும் சேர்ந்த கோடு. எடை ஏறத்தாழ சரி, வெள்ளியும் சுத்தம். தராசை மட்டும் நம்பி வாங்குகிறவன் தாராளமாக ஏமாறலாம்.

“இது நான் வித்த காசு இல்லம்மா,” என்றார் ஜேம்ஸ்.

அவருடைய போனிலேயே இருந்த பழைய படத்தை தேவமலர் பெரிதாக்கிக் காட்டினாள். அதே கன்னத்து வெட்டு. அதே கோணலான விளிம்பு. “அப்படியே இருக்கு. வேற காசுன்னு எப்படி சொல்றீங்க?”

கூட்டம் நடத்துகிறவர்கள் ஜேம்ஸின் மேசையை மடித்து ஓரமாகச் சாத்திவிட்டார்கள். ‘வாங்கி வீட்டுல வச்சுப் பாருங்க, மனசு ஒப்பலன்னா எப்ப வேணாலும் திருப்பிக் கொண்டாங்க’ என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி விற்றவர் அவர். பழங்காசு வியாபாரத்தில் விற்பவனின் பேர்தான் சரக்கு. அது அன்றைக்குக் காலியானது.

“அண்ணே, இங்க பாருங்க.” தேவமலர் லென்ஸை நீட்டினாள். “காதுக்குக் கீழ, கழுத்துல.”

“கீறல். வீரப்பன் கீறுனது. அவரே சொன்னாரே, வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் பேனாக்கத்தியால சுரண்டிப் பாத்தேன், உள்ள வெள்ளியா செம்பான்னு. மடையன்.”

“க்ளையண்டை அப்படி சொல்லக் கூடாது.”

“கேஸ் முடிஞ்சா மாஜி க்ளையண்ட் லா. மாஜிய சொல்லலாம்.”

“கத்தியால கீறினா எப்படி இருக்கும்?”

“ஓரம் கூரா, உள்ள பளபளன்னு.”

“இது?”

காந்தன் குனிந்தார். “மழுங்கலா இருக்கு பாஸ். உள்ள குட்டிக் குட்டியா குமிழி.”

“கத்தி குமிழி போடாது அண்ணே.”

காந்தன் நிமிர்ந்தார். தேவமலர் லென்ஸை வாங்கி மூடினாள்.

“அடையாள அட்டைய, ஐசிய, ஜெராக்ஸ் எடுக்கிறோம். அதுல காப்பிக் கறை இருந்தா ஜெராக்ஸ்லயும் வரும். கறை படுறதுக்கு முன்னாடி எடுத்ததுல வருமா? வராது. இது வீரப்பன் கீறின காசு இல்ல. வீரப்பன் கீறின காசை வச்சு வார்த்த காசு. அவரு கீறுனது அவர் வீட்டுல. அதுக்கப்புறம் அந்தக் காசு ஜேம்ஸ் அண்ணன் கைக்குப் போகவே இல்ல.”

“அப்ப, ஜேம்ஸ் அண்ணன்...”

“நல்ல காசைத்தான் குடுத்திருக்காரு. படத்துல இருக்கிற மாதிரியே இருக்குன்னு நான் கத்துனேன் பாருங்க, சந்தேகமே அங்கதான் வந்திருக்கணும். அச்சு அசலா ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருந்தா அதுல ஒண்ணு வார்ப்பு. லென்ஸ் அன்னிக்கும் பையிலதான் இருந்துச்சு. கழுத்துப் பக்கம் வைக்கல.”

காந்தன் தேநீர்ப் பையை அவள் பக்கம் தள்ளினார். அவள் தொடவில்லை. இன்று மத்தியானம் வீரப்பன் போலீஸில் ரிப்போர்ட் கொடுக்கப் போகிறார். அதில் ஜேம்ஸின் பேர் ஏறிவிட்டால், பிறகு எத்தனை உண்மையைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் கறை போகாது.

“எனக்கு ஒரு கணக்கு,” என்றார் காந்தன். “ஜேம்ஸ் அண்ணன் எப்ப கேட்டாலும் பணத்தைத் திருப்பிக் குடுக்கிற ஆளு. வீரப்பன் நெசக் காச உள்ள ஒளிச்சு வச்சுட்டு, டூப்ளிகேட்டக் காட்டி பணத்தையும் வாங்கப் பாக்குறாரு. காசும் அவருக்கு, பணமும் அவருக்கு. நல்ல பிசினஸ் லா.”

“வண்டிய எடுங்க.”

*

வீரப்பன் வீட்டில் இல்லை. சைட்டுக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தது அவர் மனைவி திலகா. இடுப்பில் நான்கு வயது மகள் ஷாந்தினி, தலையில் பூனைக் காது வைத்த தொப்பி.

“காசு வச்சிருந்த பெட்டியை ஒரு தடவை பாக்கணும் அக்கா,” என்றாள் தேவமலர்.

“பாருங்க. அந்தக் காசு வீட்டை விட்டு வெளிய போனதே இல்லங்க,” என்றாள் திலகா.

யாரும் அதைக் கேட்கவில்லை. காந்தன் புருவத்தைத் தூக்கி தேவமலரைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

சாமி அறையில், படங்களுக்குக் கீழே தட்டில், அந்தச் சின்னப் பெட்டி இருந்தது. காசும் லட்சுமிதானே என்று வீரப்பன் அங்கே வைத்திருந்தாராம். மூடியைத் திறந்ததும் உள்ளே வெள்ளை வெல்வெட். நடுவில், காசு படுத்திருந்த இடத்தில், வெளிறிய மஞ்சள் வட்டம்.

“வெள்ளிக் காசு மஞ்சளா சாயம் விடுமா?” என்று காந்தன் முணுமுணுத்தார். “டைபீரியஸுக்கு காமாலை போல.”

தேவமலர் வட்டத்தை விரலால் தடவி முகர்ந்தாள். பெட்டியை மூடினாள். திலகா கதவோரத்தில் நின்று குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

“பாப்பா தொப்பி அழகா இருக்கே,” என்றாள் தேவமலர்.

ஷாந்தினி வெட்கப்பட்டுத் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பின்னால் தலை தெரிந்தது. விரல்நுனி அளவுக்கு முடி, இப்போதுதான் முளைத்து வருகிற மொட்டை.

“முடி இறக்குனீங்களா? எந்தக் கோயில்ல?”

“சுங்கை ரம்பாய்ல. எங்க அப்பா வேலை செஞ்ச தோட்டத்து மாரியம்மன். பாப்பா டெங்கிக் காய்ச்சல் வந்து பொழைச்சா.” திலகா சட்டென்று திரும்பினாள். “தண்ணி கொண்டு வரேன்.”

தண்ணீர் வருவதற்குள் தேவமலர் வாசலுக்கு வந்துவிட்டாள்.

“வீரப்பன் சைட்டுக்குத்தான?” என்று காந்தன் சாவியைத் திருகினார். “புடிச்சு ஒரு வாங்கு வாங்கணும் பாஸ்.”

“சுங்கை ரம்பாய் போங்க.”

“அங்க யாரு இருக்கா?”

“மாரியம்மன்.”

மெர்லிமாவ் ஊரைத் தாண்டும்வரை காந்தன் பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை. “பாஸ், நான் எதாச்சும் மிஸ் பண்ணிட்டனா?”

“மஞ்சத் துணியில காசு முடிவாங்களே, தெரியுமா?”

“தெரியாம? எனக்கு அம்மை போட்டப்ப எங்கம்மா ஆத்தாவுக்கு முடிஞ்சாங்க. பத்துக் காசு. என் ரேட்டு அவ்ளோதான்.” சொல்லிவிட்டுத்தான் அவருக்கு உறைத்தது. வண்டியின் வேகம் குறைந்தது. “ஐயோ.”

*

செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்த அந்தக் கோயிலில் உச்சிப் பூஜை முடிந்திருந்தது. நடையைச் சாத்தப் போன பூசாரி பெரியதம்பி, இவர்கள் ஓடி வருவதைப் பார்த்துத் திரையை மறுபடி விலக்கினார். அம்மன் கழுத்தில் ஒரு வெள்ளிக் காசு மின்னியது.

“ஆத்தா கழுத்துல அந்த வெள்ளிக் காசு யாரு போட்டது ஐயா?” என்று தேவமலர் கேட்டாள்.

“ஆயர் குரோ புள்ள ஒண்ணு. குழந்தைக்கு முடி இறக்க வந்தப்ப குடுத்துச்சு. உண்டியல்ல போட வேணாம், கழுத்துல போடுங்கன்னு அழுதுச்சு. நகை செய்யிற பத்தர்கிட்ட வளையம் வச்சே கொண்டாந்துச்சு. ஏன், எதும் பிரச்சனையா?”

தேவமலர் கருவறைக்கு வெளியே நின்றபடி போனை எடுத்து, பூசாரியிடம் அனுமதி கேட்டு, கேமராவில் அம்மன் கழுத்தைப் பெரிதாக்கினாள். பொட்டுத்தாலிக்கும் எலுமிச்சை மாலைக்கும் நடுவே டைபீரியஸ் தொங்கிக்கொண்டிருந்தார். கூர்மையான எழுத்து. கன்னத்தில் பழைய வெட்டு. காதுக்குக் கீழே ஒரு மெல்லிய கீறல், தீபம் ஆடியபோது பளிச்சென்றது.

இவ்வளவு பெரிய உண்மை கையில் கிடைத்தும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஜேம்ஸின் மேசையை மடித்து ஓரமாகச் சாத்தியது நினைவுக்கு வந்தது.

வெளியே ஒரு கிராப் வாடகைக் கார் வந்து நின்றது. திலகா குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். செருப்பைக் கழற்றும்போதே அழுகை வந்துவிட்டது.

“நீங்க இங்கதான் வருவீங்கன்னு தெரியும். அந்தப் பெட்டிய மோந்து பாத்தீங்க பாருங்க, அப்பவே.”

“உக்காருங்க அக்கா,” என்றாள் தேவமலர்.

திலகா உட்காரவில்லை. “அன்னிக்கு பாப்பா உடம்பு அனலா கொதிச்சு தூக்கித் தூக்கிப் போடுது. ஆம்புலன்ஸ் கீழ வந்து நிக்குது. போறதுக்குள்ள ஆத்தாவுக்கு ஒரு காசு முடியணும். வீடு பூரா தேடுறேன், ஒரு பத்து காசு இல்லங்க. எல்லாத்துக்கும் போனுலதான கட்டுறோம்? சில்லறையே கிடையாது வீட்டுல. அந்தப் பெட்டியில ஒண்ணுதான் காசுன்னு இருந்துச்சு. எடுத்து முடிஞ்சிட்டேன்.”

காந்தன் ஷாந்தினியின் நழுவிய தொப்பியைச் சரிசெய்தார்.

“ஆஸ்பத்திரியில கொஞ்சம் தெளிஞ்சதும் பயம் வந்துருச்சு. அவரு தினமும் தொறந்து பாக்குற காசு. ஓடியாந்து அவுத்து பெட்டியிலயே வச்சுட்டு, பக்கத்து வீட்டுல அம்பது காசு வாங்கி முடிஞ்சேன். திரும்பிப் போறேன், புள்ளைக்கு மறுபடியும் காய்ச்சல் ஏறுது. முடிஞ்ச காச மாத்துனா ஆத்தா விடுவாளா? அதுக்கப்புறம் அது எங்க காசு இல்லங்க, அவ காசு. புள்ள பொழைச்சா. அதைக் குடுத்தே ஆகணும். பத்தர்கிட்ட போயி அதே மாதிரி வெள்ளியில ஒண்ணு செஞ்சு பெட்டியில வச்சேன். வெள்ளிக்கு வெள்ளிதான, அவருக்கு நஷ்டம் இல்லையேன்னு நெனச்சேன்.”

“ஜேம்ஸ் அண்ணனப் பத்தி நினைக்கலையா?”

“நீங்க பேசுன வீடியோ வாட்ஸ்அப்புல வந்துச்சு.” திலகா தரையைப் பார்த்துச் சொன்னாள். “படிச்சவங்க நீங்களே சொல்றீங்க. ஒருவேளை அவரு குடுத்ததே போலியோ என்னவோ, நான் மாத்துனதால ஒண்ணும் ஆகலன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சாத்தான் தூக்கம் வந்துச்சு.”

தேவமலருக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. ஜேம்ஸின் பேரைக் கெடுத்தது போதாதென்று, உண்மையைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆளின் வாயையும் அடைத்தது அவளுடைய பேச்சுதான்.

“சாமிக்குக் குடுத்தது தப்பா?” என்று திலகா கேட்டாள்.

“அது உங்களுக்கும் ஆத்தாவுக்கும். அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா ஜேம்ஸ் அண்ணன் வீட்டுக்கு இப்பவே போகணும். ரெண்டு பேரும்.”

“எங்க வீட்டுக்காரரு கொன்னுடுவாருங்க.”

“தெரியும். எனக்கும் அங்க போகக் காலு வரல.”

*

புக்கிட் பெருவாங்கில் ஜேம்ஸின் வீட்டு கேட் பூட்டியிருந்தது. பட்டப்பகலில் திரையெல்லாம் இழுத்து விட்டிருந்தது. மணிப் பொத்தானுக்கு முன்னால் தேவமலரும் திலகாவும் நின்றார்கள். நீ அழுத்து என்று இவள் அவளைப் பார்க்க, அவள் இவளைப் பார்த்தாள். கடைசியில் காந்தன் கையை நீட்டி அழுத்தினார்.

ஜேம்ஸ் இடுப்பில் சாரம் கட்டியபடி வந்தார். சவரம் செய்யாத முகம். கேட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டார். தேவமலரைப் பார்த்ததும் அவர் தோள் ஒரு அங்குலம் இறங்கியது.

“இன்னும் என்னம்மா?”

தேவமலர் சொன்னாள். கீறல், குமிழி, மஞ்சள், மாரியம்மன் எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் எங்கும் நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். “நீங்க குடுத்தது நல்ல காசு. நான் சரியா பாக்காம பேசிட்டேன். என்னை மன்னிச்சிருங்கண்ணே.”

ஜேம்ஸ் முதலில் கேட்டது இதுதான்.

“காசு நல்லா இருக்கா?”

திலகாவுக்கு அழுகை வெடித்தது. “வளையம் பத்த வச்சுட்டேங்க. தெரியாம செஞ்சிட்டேன்.”

ஜேம்ஸ் கண்ணை மூடினார். பினாங்கில் ஒரு பழைய சேகரிப்பாளரின் குடும்பத்திடமிருந்து அந்தக் காசை வாங்கி வந்தபோது, வழியெல்லாம் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவர் அவர்.

“மேல பத்த வச்சாங்களா, ஓட்டை போட்டாங்களா?”

“மேலதாங்க.”

“சரி.” பெருமூச்சு விட்டார். “தமிழ்நாட்டுல அந்தக் காலத்துலயே இந்தக் காசுக்கு வளையம் வச்சு கழுத்துல போட்டிருக்காங்கம்மா. அந்த மாதிரி நெறைய கெடைச்சிருக்கு. காசு பொழைச்சுக்கும்.” கேட் கம்பியைப் பிடித்த கை இறுகியது. “என் சம்சாரம் மோனிக்கா மாதா கோயிலுக்குக்கூடப் போறதில்ல, ஆளுங்க பாக்குறாங்கன்னு. என் பேரு எப்படிம்மா பொழைக்கும்?”

“ஞாயித்துக்கிழமை அதே கூட்டத்துல, அதே எடத்துல நின்னு சொல்றேன். நான் பேசுனத எடுத்தவங்க இதையும் வீடியோ எடுக்கட்டும்.”

“நீங்க சொல்வீங்க. இவங்க வீட்டுக்காரரு ரிப்போர்ட் குடுக்கப் போறாருன்னாங்களே?”

யாரும் எதுவும் சொல்வதற்கு முன் திலகா போனை எடுத்தாள். விரல் வழுக்கியது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“சொல்லு திலகா, சீக்கிரம்,” என்றது வீரப்பனின் குரல். “நான் ஸ்டேஷன்ல இருக்கேன். எழுத உக்காந்துட்டாங்க.”

“ஏங்க, எழுத வேணாங்க.”

“என்னா?”

“ஜேம்ஸ் அண்ணன் ஏமாத்தல. உங்க காசை மாத்துனது நான்தாங்க. பாப்பாவுக்கு முடிஞ்சது அதைத்தான்.”

போனில் மின்விசிறி ஓடுவதும், யாரோ கீபோர்டைத் தட்டுவதும் மட்டும் கேட்டது. ஷாந்தினி தொப்பியைக் கழற்றி அம்மாவின் தலையில் வைக்கப் பார்த்தாள்.

பிறகு பின்னால் ஒரு போலீஸ்காரரின் குரல், மலாயில், சலிப்போடு கேட்டது. “என்சிக், நாமா சியாப்பா?” ஐயா, யார் பெயர் என்று.

வீரப்பன் மூச்சு விடுவது ஸ்பீக்கரில் கேட்டது.

திலகா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். “யாரு பேரையாச்சும் எழுதியே ஆகணும்னா, என் பேரச் சொல்லுங்க.”

மறுமுனையில் நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. “தாக் ஜாடி, துவான்,” என்றார் வீரப்பன், வேண்டாம் என்று. பிறகு தமிழில், எப்போதும் போடும் சத்தம் எதுவும் இல்லாமல், “நீ எங்க இருக்க?” என்று கேட்டார்.

“ஜேம்ஸ் அண்ணன் வீட்டு வாசல்ல.”

“அங்கயே இரு. வர்றேன்.”

அவர் கோபமாக வருகிறாரா, இல்லையா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. திலகா போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஜேம்ஸ் சாரத்தின் மடிப்பிலிருந்து சாவியை எடுத்து கேட்டைத் திறந்தார்.

“அவரு வர்ற வரைக்கும் உள்ள வந்து உக்காருங்க,” என்றார். “புள்ள வெயில்ல நிக்குது.”